டிராகன் செடியில் கோளாறா? எங்கே, எப்போது தொடங்கியது என்று பாருங்கள்

மாடியில் டிராகன் பழச் செடி வளர்ப்பவர்கள் பலர், தண்டில் ஒரு புள்ளி தெரிந்தால் போதும், படம் எடுத்துக்கொண்டு மருந்துக் கடைக்குப் போய்விடுவார்கள். கடைக்காரரும் ஏதோ ஒரு பாட்டிலை எடுத்து நீட்டுவார். வீட்டுச் செடிக்கு வரும் கோளாறுகளில் பெரும்பாலானவை வெயில், தண்ணீர், நேரம் தவறிய மகரந்தம் இவற்றில் அடங்கிவிடும். எது என்று பிரித்தறிய இரண்டு கேள்விகள் போதும். செடியின் எந்த இடத்தில் தொடங்கியது? எந்த நாளில் தொடங்கியது?

கீழே இருப்பதெல்லாம் தமிழ்நாட்டுச் சமவெளியில், டிரம்மிலோ பெரிய தொட்டியிலோ தூண் நட்டு வளர்க்கும் செடிகளுக்கு. ஊட்டி, கொடைக்கானல் கணக்கு வேறு.

தண்டு மஞ்சளாகிறது, வெளுக்கிறது

முதலில் செடியை ஒரு சுற்று சுற்றிப் பாருங்கள். மேற்குப் பக்கம் மட்டும் மஞ்சளாகி, கிழக்குப் பக்கம் பச்சையாகவே இருந்தால் அது வெயில் காயம். சித்திரை, வைகாசியில், அதிலும் கத்திரி நாட்களில் நிறைய வரும். கள்ளிக் குடும்பம்தானே, வெயில் என்ன செய்துவிடும் என்று தோன்றும். ஆனால் இது பாலைவனக் கள்ளி இல்லை. மத்திய அமெரிக்கக் காடுகளில் மரங்களைப் பற்றி ஏறிப் பாதி நிழலில் வாழ்ந்த கொடி. 40 டிகிரி வெயிலோடு சிமெண்ட் தரையின் அனலும் சேர்ந்தால் தாங்காது. மார்ச் கடைசியிலேயே மேற்குப் பக்கமாக நிழல்வலையைச் சாய்த்துக் கட்டிவிடுங்கள். 35 சதவீத வலை போதும். தலைக்கு மேல் அடர்த்தியாக மூடினால் பூ குறையும். வெளுத்த இடம் பழையபடி பச்சையாகாது. காய்ந்து தழும்பாக நின்றுவிடும். தொட்டால் கெட்டியாக இருக்கும்வரை வெட்ட வேண்டாம்.

சுற்றிலும் ஒரே சீராக மஞ்சள் என்றால் கோளாறு வேரில். விரலை இரண்டு அங்குலம் மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள். சொதசொதவென்று இருந்தால் வேர் மூச்சுமுட்டிக் கிடக்கிறது. தொட்டியின் அடித்துளை அடைத்திருக்கிறதா என்று முதலில் பார்த்துவிட்டு, மண் உலரும்வரை தண்ணீரை நிறுத்துங்கள். மண் காய்ந்து தண்டும் சுருங்கியிருந்தால் தண்ணீர் போதவில்லை. மண் சரியாக இருந்தும் பழைய தண்டுகள் வெளிறிக்கொண்டே போனால் தழைச்சத்துப் பசி. இரண்டு கை மண்புழு உரம் போட்டு மூன்று வாரம் பொறுங்கள். மண் மேல் வெள்ளைப் பொருக்கு படிந்து, தண்டு நுனி கருகினால் போர்வெல் உப்பு. கடலோரப் பகுதிகளில் இதுதான் பெரிய தலைவலி. மழைத் தண்ணீர் பிடித்து, தொட்டி வழியே நன்றாக ஓடவிட்டு மண்ணைக் கழுவுங்கள்.

அடித்தண்டு மெத்தென்று ஆகிறது

அழுகல் மண் மட்டத்தில் தொடங்கி மேலே ஏறுகிறதா, நடுத்தண்டில் ஏதோ காயத்தில் தொடங்கி இரண்டு பக்கமும் பரவுகிறதா? மண் மட்டத்தில் என்றால் காரணம் பெரும்பாலும் நட்ட விதத்தில் இருக்கும். வெட்டிய துண்டை ஆறவிடாமல் அன்றே நட்டது, அரை அடி ஆழத்தில் புதைத்தது, ஐப்பசி மழையில் தொட்டியை அப்படியே விட்டது, இப்படி ஏதாவது ஒன்று. துண்டை வெட்டியதும் ஒரு வாரம் நிழலில் வைத்து, வெட்டுவாய் காய்ந்து தோல் கட்டிய பிறகு, இரண்டு அங்குலத்துக்கு மேல் போகாமல் நட வேண்டும். துண்டின் அடிப்பக்கம்தான் மண்ணுக்குள் போக வேண்டும். தலைகீழாக நட்ட துண்டுகள் மாதக்கணக்கில் தூங்கும். முள் கண்ணுக்கு மேலே தண்டின் விளிம்பு எந்தப் பக்கம் சாய்கிறது என்று தாய்ச்செடியோடு ஒப்பிட்டால் மேல்கீழ் தெரிந்துவிடும். வெட்டும்போதே அடிப்பக்கத்தைச் சாய்வாக வெட்டி வைத்தால் இந்தக் குழப்பமே இல்லை.

அழுகல் கண்டதும் பிடுங்கி எறிந்துவிடாதீர்கள். டிராகன் தண்டுக்கு நடுவில் கட்டையான ஒரு தண்டெலும்பு உண்டு. சுற்றியிருக்கும் சதை அழுகினாலும் அது உறுதியாக இருந்தால் செடி அதன் வழியே பிழைத்துக்கொள்ளும். கொழகொழப்பை வழித்து எடுத்துவிட்டுக் காற்றில் உலரவிடுங்கள். எலும்பும் பழுப்பேறியிருந்தால் மேலே மேலே வெட்டிக்கொண்டு போங்கள். வெட்டுமுகம் முழுக்க வெளிர்பச்சையாக, நடுவில் பழுப்பு வளையம் இல்லாமல் வரும் இடத்தில் நிறுத்தி, அந்த நல்ல பகுதியை ஆறவைத்துப் புதிதாக நடலாம். நாற்றமடித்து நீர் வடிந்தால் பாக்டீரியா அழுகல். அதற்கு வெட்டுவதைத் தவிர வைத்தியம் இல்லை. ஒவ்வொரு வெட்டுக்கும் கத்தியை ஸ்பிரிட்டில் துடைத்துக்கொள்ளுங்கள்.

ஆரஞ்சு, பழுப்புப் புள்ளிகள்

எல்லாப் புள்ளியும் நோய் இல்லை. இரண்டு மூன்று வருடமான அடித்தண்டு பழுப்பேறித் தக்கையாவது முதுமை. பயப்பட வேண்டியது, முதலில் வெளிர்நிறத்தில் சிறு குழியாகத் தெரிந்து, பிறகு ஆரஞ்சு கலந்த பழுப்பில் மேடாகி, ஒன்றோடொன்று சேர்ந்து சொறி மாதிரி படரும் புள்ளிகளைத்தான். இது நியோசைட்டாலிடியம் என்ற பூஞ்சையால் வரும் தண்டுச் சொறி. வியட்நாம், தைவான் தோட்டங்களைப் படுத்தி எடுத்தது இதுதான். ஈரத்தில் பரவும். ஆகவே தண்டின் மேல் தண்ணீர் தெளிப்பதை நிறுத்துங்கள். மழை இல்லாத நாளில் பாதித்த பகுதியை வெட்டிக் குப்பையில் போடுங்கள், உரக்குழியில் போடாதீர்கள். மழைக்காலத்துக்கு முன்னால் காப்பர் ஆக்ஸிகுளோரைடை லிட்டருக்கு 3 கிராம் கணக்கில் ஒருமுறை தெளித்தால் வருமுன் காக்கும். வந்த புள்ளியை எந்த மருந்தும் அழிக்காது.

தண்டு குச்சி குச்சியாக நீளுகிறது

வெளிச்சம் போதவில்லை, அவ்வளவுதான். மெலிந்த பகுதியை வெட்டிவிட்டு இடத்தை மாற்றுங்கள்.

செடி செழிப்பாக இருக்கிறது, மொட்டே இல்லை

துண்டு நட்டு எத்தனை வருடம் ஆயிற்று? நல்ல தடிமனான துண்டு ஒன்றரை, இரண்டு வருடத்தில் பூக்கும். விரல் கனத் துண்டுக்கு அதைவிடப் பொறுமை வேண்டும். வயது போதும் என்றால் அடுத்து செடியின் உருவத்தைப் பாருங்கள். தூண் உச்சியைத் தாண்டிய கிளைகள், அங்கே பொருத்தியிருக்கும் டயர் வளையத்தின் மேல் ஏறி, கீழ்நோக்கித் தொங்க வேண்டும். மேலே ஏறிக்கொண்டே இருக்கும் தண்டு ஏறுவதிலேயே குறியாக இருக்கும். தொங்க ஆரம்பித்த பிறகுதான் மொட்டு வைக்கும் நினைப்பு வரும். ஏறும் தண்டில் பக்கக் கிளைகளைக் கிள்ளி ஒரே கொடியாக விட்டு, வளையத்தைத் தாண்டியதும் நுனியை வெட்டுங்கள். அங்கிருந்து நாலைந்து கிளை பிரிந்து தொங்கும்.

உருவமும் சரி, ஆனால் கரும்பச்சையாகப் புதுத்தண்டு மட்டும் தள்ளுகிறது என்றால் தழைச்சத்து கூடிவிட்டது. மாட்டுச்சாணம், கடலைப்புண்ணாக்குக் கரைசல் இவற்றை மாசியோடு நிறுத்திக்கொண்டு, மர அடுப்புச் சாம்பலோ பொட்டாஷோ கொஞ்சம் கொடுங்கள். தினமும் ஆறு மணி நேரமாவது நேர் வெயில் படுகிறதா என்பதையும் பாருங்கள்.

அப்புறம் பருவம். டிராகன் நீண்ட பகலில் பூக்கும் செடி. சென்னையில் டிசம்பர் பகல் 11 மணி நேரம் 20 நிமிடம்தான். ஜூனில் 13 மணி நேரத்தை நெருங்கும். அதனால் வைகாசி வாக்கில் தொடங்கி ஐப்பசி, கார்த்திகை வரை அலை அலையாகப் பூத்துவிட்டு ஓய்ந்துவிடும். தை மாதத்தில் மொட்டு இல்லை என்று கவலைப்படுவது வீண். வியட்நாமின் பின் துவான் பகுதியில் குளிர்காலத்திலும் காய்க்கவைக்க, தோட்டம் முழுக்க பல்பு தொங்கவிட்டு நடுராத்திரியில் எரிய விடுகிறார்கள். நீளமான இரவை இரண்டாக உடைப்பதுதான் வித்தை. மாடியில் இரண்டு செடிக்காக அந்தக் கரண்ட் செலவு தேவையில்லை என்பது என் கருத்து.

மொட்டு சிறிதாக இருக்கும்போதே மஞ்சளாகி விழுகிறது

மொட்டு தலைகாட்டியதிலிருந்து மலர 25 முதல் 30 நாள் ஆகும். முதல் வாரத்திலேயே விழுந்தால் செடி தன்னால் தாங்க முடியாததைக் கழிக்கிறது, விட்டுவிடுங்கள். ஒரு கிளைக்கு இரண்டு மொட்டு நின்றால் நல்ல பழம் கிடைக்கும். மூன்றாம் வாரத்தில் பெரிய மொட்டு விழுந்தால் தண்ணீர் ஒழுங்கில்லை: பத்து நாள் காயப்போட்டு, பிறகு ஒரே நாளில் குடம் குடமாக ஊற்றுவது. மொட்டின் அடியில் கடித்த தடம் இருந்தால் எறும்பு. மொட்டில் சுரக்கும் இனிப்புக்காக வரும். கூடவே மாவுப்பூச்சியையும் வளர்க்கும். தூணின் அடியில் கிரீஸ் தடவிய துணியைச் சுற்றினால் ஏறாது. அந்தக் கிரீஸ் தண்டில் படக் கூடாது.

பூ மலர்ந்தது, ஐந்தாறு நாளில் உதிர்ந்துவிட்டது

பெரும்பாலோர் மாட்டிக்கொள்வது இங்கேதான். மலர்ந்த மூன்றாம் நாளிலிருந்து பூவின் அடியில் இருக்கும் பச்சை உருண்டையைக் கவனியுங்கள். இதழ் வாடிக் காய்ந்தாலும் அந்த உருண்டை பச்சையாகவே நின்று பருத்தால் பிஞ்சு பிடித்தது. மஞ்சளாக மாறினால் கருவுறவில்லை, உதிர்ந்துவிடும். இதற்கு உரமோ மருந்தோ தீர்வு ஆகாது.

பூ சாயங்காலம் விரியத் தொடங்கி, ராத்திரி 9, 10 மணிக்கு முழுதாக மலர்ந்து, மறுநாள் காலை வெயில் ஏற ஏறச் சுருங்கிவிடும். அந்த ஒரே ராத்திரிதான். சொந்த நாட்டில் வௌவாலும் பெரிய அந்துப்பூச்சிகளும் மகரந்தத்தைக் கொண்டு போகும். நம் மாடிக்கு விடியற்காலையில் தேனீ வந்தால் உண்டு. பூவுக்குள் பார்த்தால், பெண் உறுப்பின் நுனியான சூல்முடி நட்சத்திரம் மாதிரி விரல்களை விரித்துக்கொண்டு, மகரந்தப்பைகளைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அதனால் தன் மகரந்தம் தன்மேலேயே படுவதும் சுலபமாக நடக்காது. ராத்திரி 8 மணிக்கு மேல் ஒரு கிண்ணத்தை அடியில் பிடித்துப் பூவை மெதுவாகத் தட்டினால் மஞ்சள் தூள் கொட்டும். மெல்லிய பிரஷால் அதைச் சூல்முடியின் எல்லா விரல்களிலும் படும்படி தடவுங்கள். காலை 7 மணி வரைக்கும் செய்யலாம், ஆனால் அதற்குள் தேனீக்கள் தூளை வாரிக்கொண்டு போயிருக்கும். மழை பெய்தால் தூள் கரைந்துவிடும். மழை வரும் போலிருந்தால் பூவுக்கு மேல் ஒரு பாலித்தீன் குடையாவது கட்டிவிடுங்கள்.

கையால் தடவியும் உதிர்கிறதா? அப்படியென்றால் செடி தன் மகரந்தத்தையே ஏற்காத ரகம். வெள்ளைச் சதை ரகங்கள் பெரும்பாலும் தன் மகரந்தத்திலேயே காய்க்கும். சிவப்புச் சதை ரகங்களில் பல அப்படி இல்லை. பக்கத்து டிரம்மில் இன்னொரு செடி இருக்கிறதே என்றால், அது எங்கிருந்து வந்தது? ஒரே நர்சரியில் ஒரே ரகமாக வாங்கிய பத்துச் செடியும் துண்டு வெட்டிப் பெருக்கியவை; மரபுப்படி அவை பத்தும் ஒரே செடிதான். ஒன்றின் தூளை இன்னொன்றுக்குத் தடவுவது, தன் தூளைத் தனக்கே தடவுவதற்குச் சமம். போதாததற்கு ஒரே செடிக்குக் கடைக்கு ஒரு பெயர் வைத்து விற்கிறார்கள். மொராக்கன் ரெட், சியாம் ரெட், ஜம்போ ரெட் என்று சீட்டில் எழுதியிருப்பதை முழுதாக நம்பாதீர்கள். ஒரே அலையில் மூன்று பூவுக்குத் தன் தூள், மூன்று பூவுக்கு வெள்ளை ரகத்தின் தூள் என்று தடவி, வலைப்பை கட்டிப் பாருங்கள். வெள்ளைத் தூள் பட்டவை நின்று, மற்ற மூன்றும் விழுந்தால் சந்தேகம் தீர்ந்தது. அந்த மாடியில் ஒரு வெள்ளைச் சதைச் செடி இருந்தால் போதும்.

பழம் எலுமிச்சை அளவில் நிற்கிறது, வெடிக்கிறது, இனிப்பில்லை

பழத்தை நறுக்கி விதையைப் பாருங்கள். விதை குறைவாக, ஒரு பக்கமாகவே இருந்தால் மகரந்தம் போதவில்லை. சூல்முடியின் சில விரல்களில்தான் பட்டிருக்கிறது. விதை எவ்வளவு பிடிக்கிறதோ அவ்வளவு சதை கூடும். விதை நிறைய இருந்தும் சிறிதாக இருந்தால், ஒரே கிளையில் நிறைய பழம் விட்டிருப்பீர்கள்.

வெடிப்பது பெரும்பாலும் பழுத்த பிறகு வரும் மழையால். இனிப்பில்லாததற்குக் காரணம் அவசரம். மலர்ந்ததிலிருந்து 30 முதல் 35 நாளில் பழம் தயாராகும். தோல் நிறம் மாறிய அன்றே பறித்தால் சப்பென்று இருக்கும், ஏனென்றால் மாம்பழம் மாதிரி வைத்துப் பழுக்கவைக்கும் பழமல்ல இது. பறித்த பிறகு சர்க்கரை ஏறாது. நிறம் மாறி நாலைந்து நாள் செடியிலேயே விடுங்கள். அணிலுக்கும் வௌவாலுக்கும் முன்னால் உங்கள் கைக்குக் கிடைக்க வேண்டுமென்றால் வலைப்பை கட்டாயம்.

இனி, ஒரு ரகத்தின் தூளை இன்னொரு ரகத்துக்குத் தடவி, அந்த விதையிலிருந்து புதுச்செடி எடுக்கும் கலப்பு வேலை செய்பவர்களுக்கு வரும் கோளாறுகள்.

வெள்ளைக்குச் சிவப்பின் தூளைத் தடவினேன், பழம் வெள்ளையாகவே இருக்கிறது

அப்படித்தான் இருக்கும். தோலும் சதையும் தாய்ச்செடியின் உடம்பு. தந்தை இருப்பது விதைக்குள் மட்டும். அந்த விதையை முளைக்கவைத்து, அது வளர்ந்து காய்க்கும்போதுதான் கலப்பின் நிறம் தெரியும். தந்தையின் தூளால் இந்த வருடப் பழத்தின் அளவும் பழுக்கும் நாளும் மாறலாம், சதை நிறம் மாறாது.

நாற்று காய்த்துவிட்டது, அச்சு அசல் தாய் மாதிரியே இருக்கிறது

கலப்பே நடக்கவில்லை. தாய் தன் மகரந்தத்திலேயே விதை வைத்திருக்கிறது. மகரந்தப்பைகள் பூ முழுதாக விரிவதற்கு முன்னாலேயே வெடித்துவிடும் என்பது பலருக்குத் தெரியாது. ராத்திரி 9 மணிக்குப் போய், அந்தப் பைகளைத் தாங்கும் மகரந்தத் தாள்களை வெட்டினால் காரியம் முடிந்து போயிருக்கும். மலரப்போகும் அன்று பிற்பகல் 3, 4 மணிக்கே மொட்டின் பக்கவாட்டில் பிளேடால் கீறி, இதழ்களைப் பாதிக்கு வெட்டி, மகரந்தத் தாள்கள் அத்தனையையும் சிறிய கத்தரிக்கோலால் எடுத்துவிடுங்கள். நூற்றுக்கணக்கில் இருக்கும், சலிப்பான வேலைதான். கையில் மஞ்சள் தூள் ஒட்டினால் அந்தப் பூவைக் கணக்கிலிருந்து விட்டுவிடுங்கள். சூல்முடிக்கு ஒரு காகித உறை போட்டு, இருட்டியதும் உறையைக் கழற்றி, தந்தையின் தூளைத் தடவி, மறுபடி மூடி இரண்டு நாள் விடுங்கள்.

இந்தத் தொல்லையெல்லாம் வேண்டாம் என்றால், தன் தூளை ஏற்காத சிவப்பு ரகத்தைத் தாயாக வைத்துக்கொள்ளுங்கள். தாள்களை வெட்டத் தேவையே இல்லை, தேனீ வராமல் மூடினால் போதும். மாறாக, கலப்பு உறுதியாக நடந்ததா என்று பிற்பாடு நிறத்தை வைத்தே கண்டுபிடிக்க வேண்டுமென்றால் வெள்ளை தாயாகவும் சிவப்பு தந்தையாகவும் இருப்பது நல்லது. நாற்றின் பழம் வெள்ளை என்றால் தன்கருவுறுதல் என்று சந்தேகப்படலாம். இளஞ்சிவப்போ ஊதாவோ வந்தால் கலப்பு. வியட்நாமின் எல்டி1 ரகம் இப்படி வெள்ளைக்கும் சிவப்புக்கும் பிறந்ததுதான். அதன் சதை ஊதா கலந்த சிவப்பு.

தாய் இன்று பூக்கிறது, தந்தை போன வாரமே பூத்துவிட்டது

தூளைச் சேமித்து வையுங்கள். கெடுப்பது ஈரம்தான். சேகரித்த தூளைக் காகிதத்தில் பரப்பி, மின்விசிறி நேராக வீசாத அறையில் சில மணி நேரம் உலர்த்தி, சிறு குப்பியில் போட்டு, அந்தக் குப்பியைச் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு ஒரு டப்பாவில் மூடி வையுங்கள். சில நாளுக்குள் பயன்படுத்துவதென்றால் ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டு போதும். மாதக்கணக்கில் என்றால் ஃப்ரீசர். சின்னச் சின்னக் குப்பிகளாகப் பிரித்து வைத்தால், ஒன்றை எடுக்கும்போது மற்றவை உருகி உறையாது. குப்பியில் ரகத்தையும் தேதியையும் எழுதுங்கள்.

முள் உள்ள மஞ்சள் பழத்தோடு கலந்தேன், விதை பொக்கு

இது உங்கள் கைக்குறை அல்ல. கடையில் பாலோரா என்று விற்கும், தோல் முழுக்க முள் உள்ள, ஈக்வடாரிலிருந்து வரும் மஞ்சள் பழத்துக்குச் செல்லுக்கு 44 குரோமோசோம். வெள்ளை, சிவப்பு வகைகளுக்கு 22. கலந்தால் பெரும்பாலும் 33 உள்ள மும்மடியம், அதாவது மூன்று தொகுதிக் குரோமோசோம் உள்ள செடி, பிறக்கும். விதைகள் பல பாதியில் வாடும். முளைத்து வந்தவற்றின் மகரந்தத்துக்கும் வீரியம் குறைவு. இஸ்ரேலில் பென் குரியன் பல்கலைக்கழகத்தில் இந்தக் கலப்பை வருடக்கணக்கில் செய்து நல்ல ரகங்களை எடுத்திருக்கிறார்கள். கரு வாடுவதற்குள் எடுத்து ஆய்வகத்தில் வளர்க்கும் முறையும் அதில் உண்டு. வீட்டில் முயல்வதென்றால் நிறைய விதை போட்டுச் சிலதை எதிர்பாருங்கள். மஞ்சள் பழம் கலந்ததிலிருந்து பழுக்க மூன்று மாதத்துக்கு மேல் எடுக்கும். அது தாயாக இருந்தால் 35ஆம் நாளில் பறித்துவிடாதீர்கள். நம் சமவெளி வெயிலும் அதற்கு ஒத்துவராது. முள்ளில்லாத மஞ்சள் தோல் ரகங்களுக்கு இந்தச் சிக்கல் இல்லை. அவை வெள்ளைச் சதைக் கூட்டத்தைச் சேர்ந்தவை.

நாற்று முளைத்தது, கழுத்தொடிந்து சாய்கிறது

விதையைச் சுற்றிய சதையை முழுதாகக் கழுவவில்லை, அல்லது மண்ணில் பூஞ்சை. வடிகட்டியில் தேய்த்துக் கழுவி, காகிதத்தில் உலர்த்தி, கொதிநீர் ஊற்றி ஆறவைத்த தென்னைநார்த் தூளில் மேலாகத் தூவுங்கள். ஒன்று, இரண்டு வாரத்தில் முளைக்கும். மூடிபோட்ட டப்பாவில் வளர்த்தால் முளைத்ததும் மூடியைத் தினமும் கொஞ்ச நேரம் திறந்துவையுங்கள்.

கலப்பு நாற்றுக்கு வயது மூன்று, இன்னும் பூக்கவில்லை

விதைச் செடி பூக்க மூன்றிலிருந்து ஐந்து, ஆறு வருடம்கூட ஆகும். காத்திருக்க முடியாதவர்கள் ஒட்டுக் கட்டுகிறார்கள். ஆள் உயரம் வளர்ந்த செடியின் தொங்கும் கிளையில் நுனியை வெட்டி, நாற்றின் துண்டைத் தண்டெலும்பும் தண்டெலும்பும் சேரும்படி பொருத்தி, ரப்பர் பேண்டால் இறுக்கி, பத்து நாள் நிழலில் ஈரம் படாமல் வைத்தால் ஒட்டிக்கொள்ளும். பெரிய வேரின் பலத்தில் நாற்று சீக்கிரம் பருவத்துக்கு வரும்.

மாடியில் ஐம்பது நாற்றுக்கு இடம் இருக்காது. முதல் வருடத்திலேயே நோஞ்சான்களையும் புள்ளி விழுபவற்றையும் கழித்து, பத்துக்குள் கொண்டு வாருங்கள். மிச்சமிருப்பதற்கு அடையாளச் சீட்டு முக்கியம். மார்க்கர் பேனா எழுத்து ஒரு கோடையில் வெளுத்துப் போகும். குளிர்பான கேனைத் துண்டுபோட்டு, அந்த அலுமினியத் தகட்டில் ஆணியால் கீறி எழுதுங்கள்: முதலில் தாய், பெருக்கல் குறி, பிறகு தந்தை, கலந்த தேதி. சீட்டைத் தண்டில் கட்டாமல் தூணில் கட்டுங்கள், தண்டு பருத்தால் கம்பி அறுத்துவிடும்.